கூட்டு உத்திரத்தின் நான்லீனியர் மாடல் தப்பான விடை தந்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

எஃகு ஐ-செக்‌ஷன், அதன் மேல் கான்கிரீட் ஸ்லாப், இரண்டையும் பிணைக்கும் ஸ்டட் (எஃகில் பற்றவைத்த, தலையுள்ள ஆணி) வரிசை: இதுதான் கூட்டு உத்திரம். பார்ப்பதற்கு எளிய அமைப்பு. ஆனால் அபாகஸ், ஓப்பன்சீஸ் போன்ற பகுப்பாய்வு மென்பொருளில் மாடல் செய்து ஓடவிட்டால், முதல் ஓட்டத்திலேயே சோதனைக் கோட்டோடு ஒத்துப்போவது அபூர்வம். விறைப்பு கூடியிருக்கும், அல்லது பாதி சுமையிலேயே சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) நின்றுவிடும், அல்லது உச்சச் சுமை நம்ப முடியாத உயரத்துக்குப் போகும்.

அப்போது பலரும் கான்கிரீட்டின் அளவுருக்களைத் திருகத் தொடங்குகிறார்கள். டைலேஷன் கோணம் (கான்கிரீட் உருமாறும்போது எவ்வளவு விரிகிறது என்பது) 30 இருந்தால் 38, அதுவும் சரிவராவிட்டால் விஸ்காசிட்டியில் (கணக்கு நிற்காமல் ஓடச் சேர்க்கும் செயற்கைத் தடுப்பில்) ஒரு பூஜ்யம் குறைவு. கோடு எப்படியாவது சோதனையோடு ஒட்டிவிடும். அந்த மாடலை வைத்து ஸ்டட் இடைவெளியை மாற்றிப் பார்த்தால் வரும் விடைக்கு எந்த மதிப்பும் இல்லை. கூட்டு உத்திரத்தில் கோளாறு பெரும்பாலும் கான்கிரீட்டில் இருப்பதில்லை. ஸ்லாபும் எஃகும் சந்திக்கும் தளத்திலும் தாங்கிகளிலும்தான் இருக்கிறது. அதனால் தொய்வுக்கு முன்னால் நழுவலை, அதாவது ஸ்லாப் எஃகின் மேல் வழுக்கும் அளவைப் பாருங்கள். கீழே உள்ள எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

சால்வரைத் தொடும் முன்: நான்கு எண்கள்

எந்த அறிகுறியையும் அலச ஒரு அளவுகோல் வேண்டும். அதைக் கைக்கணக்கில் போட்டுக்கொள்ளலாம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம், கடைசி வரை இதையே பயன்படுத்தலாம். ஐஎஸ்எம்பி 300 (300 மிமீ உயரமுள்ள இந்தியத் தர ஐ-வடிவ எஃகு), அதன் மேல் 1200 மிமீ அகலம், 120 மிமீ தடிமனுள்ள எம்30 தரக் கான்கிரீட் ஸ்லாப், 6 மீட்டர் எளிய தாங்கல், நடுவில் ஒற்றைப் புள்ளிச் சுமை. 19 மிமீ ஸ்டட் 28, ஒரே வரிசையாக, ஏறக்குறைய 214 மிமீ இடைவெளியில்.

எஃகின் பரப்பு 5626 சதுர மிமீ, அதன் நிலைமத் திருப்புத்திறன் 8604 செமீ⁴. இந்தியக் கான்கிரீட் விதித்தொகுப்பான ஐஎஸ் 456 சொல்லும் 5000 பெருக்கல் வர்க்கமூலம் 30 என்ற கணக்கில் கான்கிரீட்டின் மீள்மைக் குணகம் சுமார் 27,400 மெகாபாஸ்கல். எஃகுக்கு 2 லட்சம். விகிதம் 7.3.

ஸ்லாபும் எஃகும் ஒன்றோடொன்று பிணைப்பே இல்லாமல் தனித்தனியாக வளைந்தால் மொத்தத் திருப்புத்திறன் 110 மில்லியன் மிமீ⁴. இம்மியும் நழுவாமல் ஒன்றாக வளைந்தால் 303 மில்லியன். 50 கிலோநியூட்டன் நடுச்சுமைக்கு வளைவால் மட்டும் வரும் தொய்வு, முதல் நிலையில் 10.3 மிமீ, இரண்டாவதில் 3.7 மிமீ. எஃகு வெப்பின் (ஐ-வடிவத்தின் செங்குத்துத் தகட்டின்) வெட்டு உருமாற்றம் இன்னும் 0.4 மிமீ சேர்க்கும். உங்கள் மாடலின் தொடக்கத் தொய்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் விழ வேண்டும். வெளியே போனால் அது பொருளின் குணம் அல்ல, மாடலின் கோளாறு.

அடுத்தது உச்சச் சுமை. எஃகின் நெகிழ்வுத் தகைவு 250, கான்கிரீட்டின் உருளை வலிமையையும் கணக்கு எளிமைக்காக 30 என்றே (கனசதுர வலிமையிலிருந்து இது வேறுபடும், கீழே பார்ப்போம்) வைத்தால், எஃகு மட்டும் தாங்கும் பிளாஸ்டிக் வளைவுத் திருப்பம் 163 கிலோநியூட்டன்-மீட்டர், அதாவது 109 கிலோநியூட்டன் சுமை. முழுப் பிணைப்பில் 347 கிலோநியூட்டன்-மீட்டர், அதாவது 232 கிலோநியூட்டன். இந்த இரண்டும் சேர்ந்து நான்கு எண்கள் ஆயிற்று. ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

நடுவில் எங்கே விழ வேண்டும் என்பதையும் ஊகிக்கலாம். பகுதிப் பிணைப்புக்கான கோட்பாட்டை நியூமார்க், சீஸ், வீஸ்ட் மூவரும் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1951-இல் தந்துவிட்டார்கள். அதன் சைன் வடிவச் சுமைக்கான எளிய வடிவம்தான் மர உத்திரங்களுக்கு ஐரோப்பிய விதித்தொகுப்பான யூரோகோடு 5 சொல்லும் காமா முறை. ஒரு ஸ்டட்டின் விறைப்பு 186 கிலோநியூட்டன்/மிமீ என்று எடுத்தால் (இது எங்கிருந்து வந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்) நம் உத்திரத்தின் பயனுறு திருப்புத்திறன் 261 மில்லியன், தொய்வு 4.3 மிமீ. வெட்டுப் பங்கையும் சேர்த்தால் 4.7.

அறிகுறி: தொடக்க விறைப்பு மிக அதிகம்

தொய்வு 3.7 மிமீயை ஒட்டியோ அதற்கும் கீழேயோ வருகிறது. முதலில் தாங்கிகளைப் பாருங்கள். இரண்டு முனையிலும் பின் (சுழல மட்டும் விடும் தாங்கி) போட்டு, இரண்டிலும் கிடைமட்ட நகர்வைத் தடுத்திருக்கிறீர்களா? மீள்மை நிலையில் ஒற்றைப் பொருள் உத்திரத்தை அதன் மையக்கோட்டில் தாங்கினால் இது பெரிதாகத் தெரியாது. கூட்டு உத்திரத்தில் நடுநிலை அச்சு எஃகுக்கு மேலே, ஸ்லாபுக்குள் ஏறி நிற்கும். நம் உதாரணத்தில் எஃகின் மையத்திலிருந்து 163 மிமீ மேலே. தாங்கியோ கீழ் ஃபிளேஞ்சில் (ஐ-வடிவத்தின் கிடைத் தகட்டில்). உத்திரம் வளையும்போது கீழ் முனைகள் வெளிப்பக்கம் நகர விரும்பும். அதைத் தடுத்தால் உத்திரம் ஒரு வளைவு ஆர்ச்சாக மாறிச் சுமையைத் தாங்கும். விறைப்பும் உச்சச் சுமையும் சேர்ந்தே எகிறும். சோதிப்பது எளிது: தாங்கியின் கிடைமட்ட எதிர்விசையை எடுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து கிடைமட்டச் சுமை எதுவும் இல்லாத உத்திரத்தில் ஒவ்வொரு தாங்கியிலும் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கத்தை ரோலராக்குங்கள்.

தாங்கி சரியென்றால் இடைமுகத்துக்கு வாருங்கள். ஸ்லாபின் அடிப்பரப்பையும் மேல் ஃபிளேஞ்சையும் டை போட்டு ஒட்டிவிட்டு, கூடவே ஸ்டட்டைக் குறிக்கும் ஸ்பிரிங்கும் வைத்திருக்கும் மாடல்களை நிறையப் பார்க்கலாம். டை இருந்தால் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை.

அப்புறம் ஸ்டட்டின் விசை-நழுவல் வளைவு. லீஹை பல்கலைக்கழகத்தில் ஒல்கார்டு, ஸ்லட்டர், ஃபிஷர் 1971-இல் தந்த சமன்பாட்டைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்: ஒன்றிலிருந்து, மைனஸ் 18 பெருக்கல் நழுவலின் எக்ஸ்பொனென்ஷியலைக் கழித்து, 2/5 அடுக்குக்கு உயர்த்தி, உச்ச வலிமையால் பெருக்க வேண்டும். அதில் நழுவல் அங்குலத்தில். மிமீயில் எழுதினால் 18 அல்ல, 0.71. அங்குலத்துக்கான எண்ணை மிமீ மாடலில் அப்படியே போட்டால் வளைவு 25 மடங்கு ஒடுங்கிவிடும், ஸ்டட் கிட்டத்தட்ட பற்றவைத்த இணைப்பாகிவிடும்.

எண்ணைச் சரியாகப் போட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. அடுக்கு 2/5 என்பதால் நழுவல் பூஜ்யத்தில் சரிவு முடிவிலி. 0.05 மிமீயிலேயே உச்ச வலிமையின் 26 சதவீதம் வந்துவிடும். 0.1 மிமீயில் 34. அட்டவணையை மிக நெருக்கமாகத் தொடங்கினால் முதல் துண்டின் விறைப்பு நிஜத்தில் இல்லாத அளவுக்கு ஏறும், கன்வெர்ஜென்ஸும் (கணக்கு ஒரு விடையில் வந்து நிற்பதும்) கெடும். நான் பரிந்துரைப்பது: பூஜ்யத்திலிருந்து உச்சத்தின் பாதி வரை ஒரே நேர்கோடு, அதன் பின் வளைவு. பாதி வலிமை 0.27 மிமீ நழுவலில் வருகிறது. 19 மிமீ ஸ்டட்டுக்கு 102 கிலோநியூட்டன் என்றால் 51-ஐ 0.274-ஆல் வகுக்க 186 கிலோநியூட்டன்/மிமீ. மேலே சொன்ன எண் இதுதான். யூரோகோடு 4 இதே ஸ்டட்டுக்குச் சோதனை இல்லாத நிலையில் 100 எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட விறைப்பு என்றால் ஏற்கலாம். ஆயிரத்தைத் தாண்டினால் அட்டவணையைத் திருத்துங்கள்.

எஃகை முழு ஒருங்கிணைப்புள்ள முதல்படித் திட எலிமெண்டில் (மாடலைப் பிரிக்கும் சிறு துண்டில்) கட்டியிருந்தால் வெட்டுப் பூட்டலும் (எலிமெண்ட் சரியாக வளைய முடியாமல் பொய்யாக விறைப்பதும்) விறைப்பைக் கூட்டும். ஃபிளேஞ்சும் வெப்பும் ஷெல்லாக (மெல்லிய தகட்டு எலிமெண்டாக) இருப்பதே நல்லது.

அறிகுறி: தொடக்க விறைப்பு மிகக் குறைவு

தொய்வு 10 மிமீயை நெருங்குகிறது என்றால் ஸ்டட் வேலை செய்யவே இல்லை. உத்திர எலிமெண்டுகளால் கட்டிய மாடலில் இது அடிக்கடி வரும். ஸ்லாபின் மையக்கோட்டு நோடையும் (எலிமெண்டுகள் சேரும் புள்ளி) எஃகின் மையக்கோட்டு நோடையும் நேராக ஸ்பிரிங்கால் இணைத்திருப்பார்கள். ஆனால் நழுவல் நடப்பது இடைமுகத்தில். இரு மையங்களின் கிடைமட்ட நகர்வு வித்தியாசத்தோடு, அவற்றுக்கு இடையேயான 210 மிமீயைச் சுழற்சியால் பெருக்கிச் சேர்த்தால்தான் உண்மையான நழுவல். ஒவ்வொரு மையத்திலிருந்தும் இடைமுகம் வரை ஒரு விறைத்த கை போட்டு, அந்த இரண்டு கைகளின் நுனிகளுக்கு நடுவில் ஸ்பிரிங்கை வையுங்கள்.

உத்திரத்தின் ஒரு பாதி மட்டும் தளர்ந்து, தொய்வு வடிவம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? ஸ்பிரிங் அட்டவணையில் எதிர்க்குறிப் பக்கத்தை விட்டிருப்பீர்கள். இடது பாதியில் ஸ்லாப் ஒரு திசையில் நழுவினால் வலது பாதியில் எதிர்த்திசையில் நழுவும். அபாகஸின் நான்லீனியர் ஸ்பிரிங், அட்டவணைக்கு வெளியே விசையை மாறாமல் வைத்துக்கொள்ளும். அட்டவணை பூஜ்யத்தில் தொடங்கினால் எதிர்ப்பக்கம் முழுக்கப் பூஜ்ய விசைதான். மைனஸ் 6 மிமீயிலிருந்து பிளஸ் 6 மிமீ வரை முழு வளைவையும் கொடுங்கள்.

அறிகுறி: பத்து, இருபது சதவீதச் சுமையிலேயே சால்வர் நிற்கிறது

"டூ மெனி அட்டெம்ப்ட்ஸ் மேட் ஃபார் திஸ் இன்க்ரிமெண்ட்." பலமுறை முயன்றும் இந்த இன்க்ரிமெண்ட் (சுமை ஏற்றும் ஓர் அடி) முடியவில்லை என்று பொருள். இந்தச் செய்தியைப் பார்த்ததும் குறைந்தபட்ச இன்க்ரிமெண்டை இன்னும் சிறியதாக்குவது பயனில்லை. மெசேஜ் ஃபைலைத் திறந்து, அதிக எஞ்சிய விசை (சமன்படாமல் மீந்தது) எந்த நோடில் என்று பாருங்கள். அந்த நோடு எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை.

சுமை வைத்த இடத்திலோ தாங்கியிலோ இருந்தால், ஒற்றை நோடு வரிசையில் விசையைக் கொட்டியிருக்கிறீர்கள். அங்கே கான்கிரீட் உள்ளூரில் நசுங்குகிறது. சோதனைக்கூடத்தில் ஜாக்குக்கு அடியில் எஃகுத் தட்டு வைப்பது போலவே மாடலிலும் ஒரு மீள்மைத் தட்டு வையுங்கள். ஸ்பிரிங் இணைந்த ஸ்லாப் நோடில் இருந்தால், 100 கிலோநியூட்டனை ஒரே நோடில் ஏற்றுவதுதான் காரணம். ஸ்டட்டின் பாதத்தைச் சுற்றியுள்ள நோடுகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள்.

எஞ்சிய விசை ஸ்லாபின் அடிப்பக்கம் பரவலாகத் தெரிந்தால், அது விரிசல் விழும் கட்டம். இழுவிசை வளைவு மிகச் செங்குத்தாக இறங்குகிறதா என்று பாருங்கள். சுமையைக் கட்டுப்படுத்தி ஓட்டுகிறீர்கள் என்றால் நகர்வைக் கட்டுப்படுத்தி ஓட்டுங்கள். எப்படியும் உச்சத்துக்குப் பிந்தைய பகுதியைப் பிடிக்க அதுதான் வழி.

ஸ்லாப் எஃகிலிருந்து மேலே எழும்பிப் பறக்கிறது, அல்லது பூஜ்ய பிவட் (ஏதோ ஒரு பகுதி பிடிப்பில்லாமல் இருக்கிறது என்னும்) எச்சரிக்கை வருகிறது என்றால் ஸ்பிரிங் ஒரு திசையில் மட்டும் உள்ளது. செங்குத்துத் திசையிலும் பக்கவாட்டிலும் பிடிப்பு வேண்டும். ஸ்டட்டுக்குத் தலை வைத்திருப்பதே ஸ்லாப் எழும்பாமல் தடுக்கத்தான்.

அறிகுறி: பிளாஸ்டிக் திரிபு எதிர்க்குறி அல்லது குறைகிறது என்ற பிழை

அபாகஸின் கான்கிரீட் டேமேஜ்டு பிளாஸ்டிசிட்டி மாடலில் டேமேஜ் (விறைப்பில் இழந்த பங்கு) அட்டவணையைக் கையால் ஊகித்து நிரப்பினால் இது வரும். மென்பொருள் செய்வது ஒரு கழித்தல்: விரிசல் திரிபிலிருந்து, டேமேஜை ஒன்று மைனஸ் டேமேஜால் வகுத்து, அதைத் தகைவு வகுத்தல் மீள்மைக் குணகத்தால் பெருக்கிய அளவைக் கழிக்கிறது. விடை எதிர்க்குறியாகவோ முந்தைய வரிசையைவிடக் குறைவாகவோ இருக்கக் கூடாது.

ஒரு வரிசையைப் போட்டுப் பார்ப்போம். விரிசல் திரிபு 0.0005, தகைவு 1 மெகாபாஸ்கல். டேமேஜ் 0.9 என்றால் 9-ஐ 0.0000365-ஆல் பெருக்க 0.00033. மீதி 0.00017, சரி. டேமேஜை 0.95 ஆக்குங்கள். 9 இப்போது 19 ஆகிறது, கழிப்பது 0.00069, மீதி எதிர்க்குறி. 0.05 வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. டேமேஜ் ஒன்றை நெருங்க நெருங்க அந்த வகுத்தல் எகிறுவதே காரணம். ஸ்பிரெட்ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்து எல்லா வரிசைக்கும் முதலிலேயே கணக்கிட்டுவிடுங்கள்.

ஒரே திசையில் ஏற்றும் சுமைக்கு டேமேஜ் அட்டவணை தேவையே இல்லை. அது சுமையை இறக்கி ஏற்றும்போது விறைப்பு குறைவதைக் காட்டத்தான். முதல் ஓட்டங்களில் விட்டுவிடுங்கள்.

அறிகுறி: உச்சச் சுமை நம்ப முடியாத உயரம்

உச்சச் சுமை 232 என்ற எல்லையைத் தாண்டி 300 வரை போகிறது. தாங்கியில் பூட்டு இல்லை என்று ஏற்கனவே உறுதி செய்துவிட்டீர்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது விஸ்காசிட்டி.

இந்த அளவுருவுக்கு நேரத்தின் அலகு உண்டு என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. ஸ்டெப்பின் நேரம் 1 என்று வைத்து 0.001 போட்டால் வரும் விளைவும், ஸ்டெப்பின் நேரம் 100 என்று வைத்து அதே 0.001 போட்டால் வரும் விளைவும் நூறு மடங்கு வேறு. ஆகவே "இன்னார் 0.001 போட்டார்" என்று எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அளவைப் பத்தில் ஒன்றாக்கி மறுபடி ஓட்டுங்கள். உச்சச் சுமை மாறாமல் இருந்தால் தப்பில்லை. குறைந்தால், நீங்கள் பார்த்தது கான்கிரீட்டின் வலிமை அல்ல, செயற்கைத் தடுப்பு. ஏஎல்எல்சிடி ஆற்றலை (இந்தத் தடுப்பு விழுங்கியது) ஏஎல்எல்ஐஇயோடு (மொத்த உள் ஆற்றல்) ஒப்பிட்டாலும் தெரியும்.

பொருள் மதிப்புகளிலும் ஒரு குழப்பம் சகஜம். நம் ஊரில் 150 மிமீ கனசதுரத்தை நசுக்கித்தான் கான்கிரீட் வலிமை சொல்கிறோம். மாடலுக்குத் தேவை ஒற்றையச்சு வலிமை, அது உருளைக்கு நெருக்கமானது, கனசதுரத்தின் ஏறக்குறைய 0.8. கனசதுர எண்ணை அப்படியே போட்டால் கூடுதல். எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும்: ஐஎஸ் 456-இன் வடிவமைப்பு வளைவை, 0.67-உம் 1.5-உம் உள்ளே இருக்கும்படியே, சோதனையோடு ஒப்பிடும் மாடலில் போடுவது. சோதனை உத்திரத்துக்குப் பாதுகாப்புக் காரணி தெரியாது. சராசரி வலிமையைப் போடுங்கள். எஃகுக்கும் கூப்பன் (வெட்டியெடுத்த எஃகுத் துண்டு) சோதனை மதிப்பைத்தான், 250 என்ற குறைந்தபட்ச எண்ணை அல்ல. கூப்பன் மதிப்பு மாறினால் மேலே போட்ட 109, 232 இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மெஷை (எலிமெண்டுகளின் அளவை) மாற்றினால் விடையும் மாறுகிறது

இழுவிசை வளைவைத் திரிபாகக் கொடுத்தால் இது தவிர்க்க முடியாதது. இழுவலிமை 2.9 மெகாபாஸ்கல், 0.001 திரிபில் பூஜ்யத்துக்கு நேர்கோட்டில் இறங்குகிறது என்று வைப்போம். 100 மிமீ எலிமெண்டில் விரிசலின் ஒரு சதுர மிமீ பரப்புக்குச் செலவாகும் ஆற்றல் 0.145 நியூட்டன்/மிமீ. 25 மிமீ எலிமெண்டில் 0.036. மெஷைச் சிறிதாக்கியதும் கான்கிரீட் நான்கு மடங்கு நொறுங்கும் தன்மை பெறுகிறது.

இழுவிசையை விரிசல் அகலமாகக் கொடுங்கள். சர்வதேசக் கான்கிரீட் அமைப்பான ஃபிப்-இன் மாடல் கோடு 2010-இன்படி முறிவு ஆற்றல் 73-ஐச் சராசரி வலிமையின் 0.18 அடுக்கால் பெருக்கியது. 38 மெகாபாஸ்கலுக்கு 140 நியூட்டன்/மீட்டர். மிமீ மாடலில் அது 0.14, இந்த இடத்தில் அலகை மாற்ற மறந்தால் கான்கிரீட் ரப்பராகிவிடும். நேர்கோட்டு இறக்கத்துக்கு முழுத் திறப்பு 0.097 மிமீ.

ஓப்பன்சீஸில் இதே நோய் வேறு உருவில் வரும். விசை அடிப்படையிலான உத்திர எலிமெண்டில் கான்கிரீட் தளரத் தொடங்கியதும் உருமாற்றம் முழுக்க ஒரே ஒருங்கிணைப்புப் புள்ளியில் (எலிமெண்டுக்குள் கணக்குப் போடும் இடத்தில்) குவியும். 3 மீட்டர் எலிமெண்டில் ஐந்து லொபாட்டோ (முனைகளையும் சேர்க்கும் வகை) புள்ளி வைத்தால் முனைப் புள்ளியின் பங்கு 150 மிமீ, மூன்று வைத்தால் 500 மிமீ. புள்ளி எண்ணிக்கை கூடினால் விடை துல்லியமாகும் என்று நினைத்துக் கூட்டினால், சரிவு இன்னும் செங்குத்தாகும். கோல்மனும் ஸ்பக்கோனும் 2001-இல் சொன்ன தீர்வு, நசுக்க முறிவு ஆற்றலை அந்த நீளத்தோடு பொருத்தி, இறுதித் திரிபைச் சரிசெய்வது.

அறிகுறி: தொய்வுக் கோடு பொருந்துகிறது, நழுவல் பொருந்தவில்லை

இதை அறிகுறி என்றே பலர் எண்ணுவதில்லை. சுமை-தொய்வுப் படம் ஒட்டிவிட்டதென்று அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். என் பார்வையில் இந்தப் பட்டியலில் கவலைப்பட வேண்டியது இதுதான். ஏனென்றால் எஃகின் விளைவு தொய்வில் மேலோங்கி நிற்கும். ஸ்டட்டில் இருக்கும் பிழையைக் கான்கிரீட்டில் ஒரு எதிர்ப்பிழை மறைத்துவிட முடியும்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் சாப்மனும் பாலகிருஷ்ணனும் செய்து 1964-இல் வெளியிட்ட சோதனைகளை இன்றும் எல்லோரும் ஒப்பீட்டுக்கு எடுப்பது இதனால்தான். 18 அடி உத்திரம், 4 அடி அகலம் 6 அங்குலத் தடிமன் ஸ்லாப், 12 அங்குல எஃகு. தொய்வோடு நீளவாக்கில் நழுவலும் அங்கே அளக்கப்பட்டிருக்கிறது. உங்கள் மாடலை அதில் ஒன்றோடு ஒப்பிடும்போது இரண்டு படமும் ஒட்ட வேண்டும்.

ஒட்டாவிட்டால் இப்படிச் செய்யுங்கள். ஒரு குறிப்பிட்ட சுமையில் இடது முனையிலிருந்து நடு வரை உள்ள ஸ்டட்டுகளின் நீளவாக்கு விசையை எல்லாம் கூட்டுங்கள். நம் உத்திரத்தில் 14. அதே சுமையில் நடு வெட்டில் எஃகின் அச்சு இழுவிசையை எடுங்கள். ஸ்லாபின் அச்சு அமுக்கவிசையையும் எடுங்கள். மூன்றும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். உச்ச நிலையில் எஃகு முழுக்க நெகிழ்ந்தால் அது 1406 கிலோநியூட்டன். 14 ஸ்டட் தரக்கூடியது 1428. அதனால் முழுப் பிணைப்பு, கொஞ்சம்தான் மிச்சம்.

கூட்டுத்தொகை குறைவாக இருந்து எஃகின் இழுவிசை கூடுதலாக இருந்தால், கிடைமட்ட விசை வேறு வழியில் போகிறது. அநேகமாக உராய்வு. ஸ்டட்டைத் திட எலிமெண்டாகவே வடித்திருந்தால் ஸ்லாபுக்கும் ஃபிளேஞ்சுக்கும் உராய்வு கொடுப்பது நியாயம். புஷ்-அவுட் சோதனையிலிருந்து (எஃகை ஸ்லாபுக்கு எதிராகத் தள்ளி ஸ்டட்டை அளப்பது) எடுத்த வளைவை ஸ்பிரிங்கில் போட்டிருந்தால், அந்தச் சோதனையில் இருந்த உராய்வு வளைவுக்குள்ளேயே வந்துவிட்டது. மறுபடி 0.4 கொடுத்தால் இரட்டிப்புக் கணக்கு.

மூன்றும் ஒத்துப்போய், ஆனால் மாடலின் நழுவல் சோதனையில் அளந்ததில் பாதிதான் என்றால் ஒற்றை ஸ்டட்டின் வளைவே தப்பு. யூரோகோடு 4-இன் நிலையான புஷ்-அவுட் மாதிரியில் எட்டு ஸ்டட் உண்டு, பக்கத்துக்கு நான்கு. மொத்த விசையை நான்கால் வகுத்திருந்தால் ஒவ்வொன்றும் இரு மடங்கு வலிமை பெற்றிருக்கும். இன்னொரு சாத்தியம், சமச்சீரைப் பயன்படுத்தி உத்திரத்தை நீளவாக்கில் பாதியாக வெட்டியது. வெப்புக்கு நேர் மேலே ஒற்றை வரிசையில் உள்ள ஸ்டட், வெட்டிய தளத்தின் மேலேயே விழும். அதன் விறைப்பும் வலிமையும் பாதியாக்கப்பட வேண்டும். எஃகின் வெப்பைப் பாதித் தடிமனாக்க நினைவிருக்கும், ஸ்டட்டை மறந்துவிடுவார்கள். இடைவெளியையும் எண்ணுங்கள். 28 ஸ்டட் இருக்கும் உத்திரத்தில் மெஷ் வசதிக்காக 200 மிமீக்கு ஒன்று வைத்தால் 30 ஆகிவிடும்.

கடைசியாக, மாடலில் முனை நழுவல் 6 மிமீயைத் தாண்டியும் சுமை ஏறிக்கொண்டே போனால் அதை நம்ப வேண்டாம். யூரோகோடு 4 வளைந்து கொடுக்கும் ஸ்டட்டுக்கு வைக்கும் குறைந்தபட்ச நழுவல் திறன் அந்த 6 மிமீதான். சமன்பாட்டு வளைவுக்கு முறிவே கிடையாது, அது கிடையாகப் போய்க்கொண்டே இருக்கும். முறியும் புள்ளியை நீங்கள்தான் வைக்க வேண்டும். சுமையை ஏற்றி இறக்கும் ஆய்வு என்றால் நான்லீனியர் ஸ்பிரிங் உதவாது. அது போன வழியிலேயே திரும்பி வரும், நிலையான நழுவலை விட்டுவைக்காது. பிளாஸ்டிசிட்டி உள்ள கனெக்டர் வேண்டும்.

அறிகுறி: எக்ஸ்பிளிசிட்டில் (நேரத்தில் மிகச் சிறு அடிகளாக முன்னேறும் சால்வரில்) கோடு அலைபாய்கிறது

இயக்க ஆற்றல், உள் ஆற்றலில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா? இல்லையென்றால் மெதுவாக ஏற்றுங்கள், தொடக்கத்தில் ஸ்மூத் ஸ்டெப் (மெல்லத் தொடங்கும் ஏற்றம்) கொடுங்கள். அடர்த்தியின் அலகு டன்/கன மிமீ: எஃகுக்கு 7.85 பெருக்கல் பத்தின் மைனஸ் ஒன்பதாம் அடுக்கு. சி3டி8ஆர் (குறைந்த ஒருங்கிணைப்புள்ள எட்டு நோடு திட) எலிமெண்ட் என்றால் ஏஎல்எல்ஏஇ என்னும் செயற்கை ஆற்றலையும் பாருங்கள். அது உள் ஆற்றலில் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஹவர்கிளாஸ் (எலிமெண்ட் எதிர்ப்பின்றிப் பொய்யாக நெளிவது). ஸ்லாபின் தடிமனில் குறைந்தது நான்கு அடுக்கு எலிமெண்ட் வையுங்கள்.

அறிகுறி: தொடர் உத்திரத்தில் உள்தாங்கிக்கு மேல் மட்டும் பொருந்தவில்லை

அங்கே ஸ்லாப் இழுவிசையில் இருக்கிறது. எளிய உத்திரத்தில் அதிகம் பொருட்படுத்தாத இழுவிசை வளைவும் கம்பியும் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்யும். கம்பியை எம்பெடட் ஆகப் போட்டால் கான்கிரீட்டோடு நழுவாமல் ஒட்டியிருக்கும், விரிசலுக்கு இடையே கம்பி விடும் நழுவல் தெரியாது. அதை இழுவிசை வளைவின் நீண்ட வாலில் ஈடுகட்ட வேண்டும்.

எஃகின் கீழ் ஃபிளேஞ்ச் இங்கே அமுக்கத்தில். சோதனையில் அது நெளிந்து சுமை விழுந்திருக்க, உங்கள் மாடலில் நேராகவே நிற்கிறதென்றால், வடிவம் மிகக் கச்சிதமாக இருப்பதே காரணம். முதலில் பக்லிங் (நெளிவு) ஆய்வு ஒன்று ஓட்டி, அதன் முதல் வடிவத்தைச் சிறிய அளவில் தொடக்கக் குறையாகக் கொடுத்து, பெரு உருமாற்றத்தையும் இயக்கிவிட்டு, பிறகு நான்லீனியர் ஓட்டத்தைத் தொடங்குங்கள்.